மீதி ஏழு காகிதங்கள்

ஒரு பெட்டியைக் காகிதத்தில் சுற்ற மூன்று துண்டு டேப் போதும். நான்காவது துண்டு தேவைப்பட்டால் சுற்றியவருக்கு வேலை தெரியாது என்று அர்த்தம். ஐந்தாவதும் தேவைப்பட்டால் அவர் எங்கள் கடை மேலாளர். கூட்டமான நாட்களில் உதவுகிறேன் பேர்வழி என்று என் மேசைக்கு வந்து நிற்பார். அவர் சுற்றிய பெட்டி, அடிபட்டுக் கட்டுப் போட்டுக்கொண்டது மாதிரி இருக்கும்.

நீங்கள் எழுதிக்கொள்ள வசதியாக நிதானமாகவே சொல்கிறேன், மேடம். எனக்கு அவசரம் ஒன்றுமில்லை.

பத்தொன்பது வருடமாக அந்தக் கடையின் இரண்டாவது மாடியில், லிஃப்டுக்குப் பக்கத்து மேசையில் உட்கார்ந்து பரிசு சுற்றுகிறேன். ஒரு நாளைக்கு அறுபது எழுபது பெட்டி. அத்தனை காகிதமும் மறுநாள் குப்பைத்தொட்டியில்தான் கிடக்கும். அதில் எனக்கு வருத்தம் கிடையாது. பரிசைக் கையில் வாங்குவதற்கும் பிரிப்பதற்கும் நடுவே ஒரு கொஞ்ச நேரம் இருக்கிறது. உள்ளே என்ன என்று தெரியாத நேரம். பெட்டியைக் காதருகே வைத்து ஆட்டுவார்கள், ரிப்பனைத் தொட்டுப் பார்ப்பார்கள், எவ்வளவு விறைப்பான ஆளும் அப்போது கொஞ்சம் அசடு வழிவார். அந்தக் கொஞ்ச நேரத்தைச் செய்து கொடுக்கத்தான் எனக்குச் சம்பளம்.

என் அக்காவுக்கு அந்த நேரமே ஆகாது. அவள் பல் டாக்டர். வாயைத் திற என்பாள், நோயாளி திறப்பதற்குள் பல் வெளியே வந்திருக்கும். பரிசையும் அப்படித்தான் பிரிப்பாள். மேலே கொத்தாகப் பிடித்து ஒரே இழு. கைராசி டாக்டர் என்று ஊரே அவளைக் கொண்டாடியது. வீட்டிலும் அதே பேச்சுதான். அவளுடையது கைராசிக் கை, என்னுடையது வெறும் கை.

ஒருமுறை அவளுடைய கிளினிக்குக்குப் போயிருந்தபோது எல்லோர் முன்னாலும் என் தோளில் கை போட்டுக்கொண்டு, "இவ என் தங்கச்சி. கடையில பொட்டலம் கட்டுறா" என்றாள். அன்றிலிருந்து அவள் கணவருக்கு என் பெயரே மறந்துவிட்டது. "என்ன பொட்டலம், சௌக்கியமா?" என்பார். "சௌக்கியம் அத்தான்" என்று நானும் சிரிப்பேன். அதை நான் பெரிதுபடுத்தவில்லை. அதற்காகச் செய்தேன் என்று எழுதிவிடாதீர்கள்.

நான் செய்தது அம்மாவுக்காக.

அம்மா என்னோடுதான் இருந்தார். பக்கவாதத்தில் வலது பக்கம் விழுந்து இரண்டு வருடம் படுக்கையில் கிடந்தார். சுவரைப் பார்த்துக்கொண்டே இருப்பார். எழுந்து உட்காரச் சொன்னால், "எதுக்கும்மா?" என்பார். அவருடைய பிறந்தநாளுக்கு ஒரு மரச்சீப்பு வாங்கி, ஒன்றின்மேல் ஒன்றாகப் பன்னிரண்டு காகிதம் சுற்றினேன். தினம் ஒரு காகிதம் பிரிக்க வேண்டும் என்று ஏற்பாடு. இடது கையால் நகத்தை வைத்து டேப்பைக் கிளப்பவே அவருக்கு அரை மணி நேரம் ஆகும். நான் கிட்டே போக மாட்டேன். பிரித்த காகிதத்தை மடியில் விரித்து நீவிக்கொண்டே இருப்பார்.

"இந்தப் பச்சை நல்லாருக்கும்மா. நாளைக்கு என்ன கலரு?"

"நாளைக்குத்தான் தெரியும்" என்பேன்.

நாளைக்கு என்ற வார்த்தை அம்மா வாயிலிருந்து வந்து அப்போது எத்தனையோ மாதம் ஆகியிருந்தது.

ஐந்து நாள் அப்படிப் போயிற்று. ஆறாம் நாள் காலையில் அக்கா வந்தாள். கையில் கார் சாவி, கிளினிக்குக்கு நேரமாகிவிட்டது. "அப்படி என்னதான்மா இருக்கு இதுல?" என்று எடுத்தாள். நான் அடுப்பை அணைத்துவிட்டு வருவதற்குள் ஏழு காகிதமும் தரையில் கிடந்தன. "சீப்பா! ஒரு சீப்புக்கா இத்தனை அலங்காரம்?" என்று சிரித்தாள். அம்மாவும் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அக்கா அந்தச் சீப்பாலேயே அவருக்குத் தலை வாரிவிட்டாள், அம்மா கண்ணை மூடிக்கொண்டு தலையைக் கொடுத்தார். அவள் மனம் நோகக் கூடாது என்பதற்காகத்தான் அம்மா அப்படி இருந்திருப்பார். எனக்குத் தெரியும்.

அன்றைக்கு மூன்றாம் நாள் அம்மா போய்விட்டார். இதயம் பலவீனம், எப்போது வேண்டுமானாலும் நடக்கக்கூடியதுதான் என்றார் டாக்டர். அவருக்குக் காகிதத்தைப் பற்றித் தெரியாது. ஒரு காகிதமாவது மீதி இருக்கும்போது அம்மா போயிருக்க மாட்டார். அக்கா அவரிடமிருந்து நாளைக்கு என்பதைப் பிடுங்கிவிட்டாள். எனக்கு அவள்மேல் வந்தது கோபமில்லை, கோபம் ஆறிவிடும். ஒன்றரை வருடம் அவளோடு பேசினேன், அவள் வீட்டில் சாப்பிட்டேன், என் வெறுப்பு ஒரு நாள்கூட இளைக்கவில்லை.

உயிரை எடுக்க நான் நினைத்ததே இல்லை. உயிர் போனால் ஒரே நாளில் முடிந்துவிடும். கை அப்படியில்லை. தினமும் கண்ணெதிரே இருக்கும்.

இந்த வருடம் அவள் பிறந்தநாளுக்குப் பத்து நாள் முன்பு அவளே கடைக்கு வந்தாள். வரிசையில் நின்று என் மேசைக்கு வந்தாள். கையில் சாமான் எதுவும் இல்லை.

"அன்னிக்கு நான் அப்படிப் பிச்சுப் போட்டிருக்கக் கூடாதுடி. அம்மா ஆசை ஆசையா பிரிச்சுட்டு இருந்தாங்க. எனக்கு அது அப்ப புரியல. என்னை மன்னிச்சுடு."

கண் கலங்கியிருந்தாள். பின்னால் நின்றவர் தொண்டையைக் கனைத்தார். "அதெல்லாம் ஒண்ணுமில்லக்கா" என்றேன். ஒன்றரை வருடமாக நான் பத்திரமாக வைத்திருந்ததை ஒரே வாக்கியத்தில் வாங்கிக்கொண்டு போகப் பார்த்தாள். அதுவும் ஒரே இழுதான்.

பிறந்தநாளன்று அவளுக்கு ஏழு காகிதம் சுற்றிய பெட்டி ஒன்று கொடுத்தேன். கையில் வாங்கி எடை பார்த்தாள். எத்தனை காகிதம் என்று கேட்டாள், சொன்னேன். "அம்மா பிரிக்காம விட்ட ஏழாடி?" என்று என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அத்தான்கூட அன்றைக்கு என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

உள்ளே என்ன இருந்தது என்று நேற்றுக் கேட்டீர்கள். ஒன்றுமில்லை, காலிப் பெட்டி. பிளேடு இருந்தது ஏழாவது காகிதத்தின் மடிப்பில். என் மேசையில் காகிதம் வெட்டுகிற பிளேடு. கைதவறி உள்ளே விழுந்திருக்கலாம் என்று முதலில் சொன்னேன். நீங்கள் நம்பவில்லை. அப்புறம், அவள் அவசரக்காரி, பாடம் கற்கட்டும் என்று வைத்தேன், பொறுமையாகப் பிரித்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது என்றேன். அதை நீங்கள் வாக்குமூலத்தில் எழுதிக்கொண்டீர்கள். நானும் பல நாள் எனக்கு அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த வரியை அடித்துவிடுங்கள், மேடம்.

கிழிக்கிறவர்கள் மேலே பிடித்துத்தான் இழுப்பார்கள். அவர்கள் விரல் அடி மடிப்புப் பக்கம் போகவே போகாது. பொறுமையாகப் பிரிக்கிறவர்கள்தான் பெட்டியைக் கவிழ்த்து, மடிப்புக்குள் விரலை விட்டு, ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரைக்கும் அழுத்தி ஓட்டுவார்கள். கடைக்கு வந்து மன்னிப்புக் கேட்டவள் இனிக் கிழிக்க மாட்டாள் என்று எனக்குத் தெரியும். நான் பிளேடை வைத்தது அடி மடிப்பில். மூன்று துண்டு டேப் போதும் என்று சொன்னேனே, அங்கே ஒன்பது ஒட்டியிருந்தேன்.

அவள் தினம் ஒன்றுதான் பிரித்தாள். காலையில் கிளினிக்குக்குக் கிளம்பும் முன் பிரித்துவிட்டு எனக்கு ஃபோன் செய்வாள். "இன்னிக்கு மஞ்சள்டி. ஜன்னல் பக்கம் பிடிச்சா தங்கம் மாதிரி இருக்கு." இன்னொரு நாள், "ஒரு காகிதத்தை இவ்வளவு நேரம் பாக்கலாம்னு எனக்குத் தெரியவே தெரியாதுடி. இத்தனை வருஷம் எதையுமே பாக்காம ஓடியிருக்கேன்." நான் ரிப்பன் வெட்டிக்கொண்டே கேட்பேன். உண்மையைச் சொன்னால் அந்தப் பேச்சு எனக்குப் பிடித்திருந்தது. பிறந்ததிலிருந்து அவள் என்னிடம் அவ்வளவு பேசியதில்லை.

இரண்டு விரலில் நரம்பும் தசைநாரும் போய்விட்டதாகச் சொன்னீர்கள். அவளால் இனிப் பல் பிடுங்கும் குறடு பிடிக்க முடியாதாம். அவள் என்மேல் புகார் கொடுக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கிறாள் என்றும் சொன்னீர்கள். அவள் சொல்வதைக் கேட்காதீர்கள். நிறுத்துவதற்கு எனக்கு ஆறு ஃபோன் இருந்தது.

ஆறாவது ஃபோனில் அவளே கேட்டாள்.

"நாளைக்குக் கடைசிடி. பிரிக்கவே மனசு வரல. இது ஒண்ணு மட்டும் அப்படியே இருக்கட்டுமா? அலமாரில வச்சு தினம் பாத்துக்கறேன்."

ஒரு வாடிக்கையாளர் எனக்காகக் காத்திருந்தார். அவருடைய பெட்டியின் ஒரு பக்கத்தை மடித்து முடித்தேன்.

"வேண்டாம்க்கா. பிரிச்சுடு" என்றேன்.

"அடியில ரொம்ப இறுக்கமா ஒட்டியிருக்கியே. கத்தி வச்சுக் கிளப்பட்டுமா?"

"கத்தி வச்சா காகிதம் பாழாயிடும்க்கா. விரலை உள்ள விட்டு மெதுவா பிரி."