மறைந்த தங்கைக்குப் பாமாலை

இன்ஸ்பெக்டர் நூர் முகம்மது அவர்களே, தமிழ் வாசிக்கத் தெரிந்த உங்களையே என்னை விசாரிக்க அனுப்பியதில் எனக்கு மகிழ்ச்சி. மொழிபெயர்த்தால் கவிதை கெட்டுவிடும்.

பினாங்கில் நாங்கள் நான்கு தலைமுறை. எங்கள் வீட்டுப் பெயரை இதுவரை யாரும் தாழ்த்திப் பேசியதில்லை. எனக்கு இருந்தது ஒரே ஆசை. நல்லமுத்து என்ற என் பெயர் ஒரு நூலின் அட்டையில் வரவேண்டும். இளவயதிலிருந்து ஞாயிறு மலர்களுக்குக் கவிதை அனுப்பினேன். ஒன்றுகூட வரவில்லை. அந்த ஆசிரியர்களுக்கு மரபு தெரியாது.

என் தங்கை வடிவம்மாள், நான் பார்த்துக் கட்டிவைத்த கணவனை விட்டுவிட்டு, சுங்கை பாக்காப்பில் வாழைப்பழத்தை மாவில் தோய்த்து பீசாங் கோரெங் பொரித்து விற்கும் ஒருவனோடு போய்விட்டாள். உறவினர்களிடம் என்ன சொல்வது? இந்தோனேசியாவில் மேடானுக்குப் போன இடத்தில் காய்ச்சல் கண்டு இறந்துவிட்டாள் என்றேன். அவளுக்கும் அதுதான் மரியாதை. முறைப்படி காரியம் செய்தேன்.

மறு ஆண்டு, எல்லாக் குடும்பங்களும் செய்வதுபோல், நாளிதழில் படத்தோடு நினைவஞ்சலி கொடுத்தேன். தோற்றம், மறைவு, கீழே என் கவிதை. விளம்பரத்தில் ஆசிரியர் கை வைப்பதில்லை. ஓர் எழுத்தும் திருத்தப்படாமல் வந்தது. பட்டர்வொர்த்திலிருந்துகூடத் தொலைபேசியில் அழுதார்கள்.

அதன்பிறகு ஓர் ஆண்டும் தவறவிடவில்லை. அவற்றையெல்லாம் தொகுத்துத்தான் நூலாக்கினேன். மண்டபம் பேசினேன், மாலைக்குச் சொன்னேன். முதல் நூலைப் பெற்றுக்கொள்ள, அரசு கொடுத்த பட்டம் உள்ள டத்தோ ஒருவர் சம்மதித்தார்.

வெளியீடு ஞாயிற்றுக்கிழமை. வெள்ளிக்கிழமை மதியம் அவள் வந்து நின்றாள். வீட்டில் நான் மட்டும்தான். மாடிக்கு அழைத்துப் போனேன். அங்கே அட்டைப்பெட்டிகளில் நூல்கள் இருந்தன. ஒன்றை எடுத்துப் பிரித்தாள்.

"இன்னும் அதே போட்டோவாண்ணே? வருஷா வருஷம் பேப்பர் வாங்கிப் படிக்கிறேன்லா. மொத வருஷம் எழுதுனீங்களே, அதுக்கு நானே அழுதுட்டேன். அப்புறம் எழுதுனதெல்லாம் சப்புனு இருக்கு."

அதை நான் மன்னித்தேன். அவளுக்கு யாப்பு தெரியாது.

"என் மவ துளசியப் பொண்ணு பாக்க வந்தாங்கண்ணே. மாப்பிள்ளையோட அம்மா என்னைய உத்துப் பாத்துட்டு, 'உங்க பேரும் மூஞ்சியும் பேப்பர்ல வந்துச்சே, நீங்க செத்துப் போனவங்கல்ல'ன்னு கேக்குறாங்க. என் பேர எடுத்துருங்க."

"அச்சடிச்சாச்சும்மா."

"அப்ப ஞாயித்துக்கெழம நானே மேடைக்கு வரேன். டத்தோ எதுக்கு? செத்தவளே வந்து மொத புக்க வாங்கிக்கிறேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் சொன்னதைச் செய்கிறவள். வீட்டை விட்டுப் போனதும் அப்படித்தான்.

எங்கள் மாடிப்படி செங்குத்தானது. அவள் எனக்கு முன்னால் இறங்கினாள். அவள் முதுகில் கை வைத்தேன். மூத்தவன் வைக்கிற கைதான், கொஞ்சம் அழுத்தி வைத்தேன். கீழே கிடந்து சற்று நேரம் "அண்ணே, அண்ணே" என்று கூப்பிட்டாள். படியில் உட்கார்ந்து காத்திருந்தேன். குரல் நின்றபின் ஆம்புலன்சுக்குச் சொன்னேன். நன்கொடை கேட்டு வந்த யாரோ ஓர் அம்மாள், பெயர் தெரியாது என்றேன்.

ஞாயிறன்று மண்டபம் நிறைந்துவிட்டது. வடிவம்மாளுக்காக எல்லாரும் எழுந்து நின்று மௌனம் காத்தார்கள். டத்தோ கண்ணைத் துடைத்துக்கொண்டார். நூலை அவர் திறந்து பார்க்கவில்லை. மேடையில் அது வழக்கமில்லை.

துளசி பிணவறைக்கு வந்து தாயை அடையாளம் காட்டினாள் என்கிறீர்கள். நான் மறுக்கவில்லை. தள்ளியது நான்தான். கையெழுத்துப் போடுகிறேன். ஒன்றை மட்டும் திருத்திக் கொடுங்கள். அவள் இறந்த நாள் என்று போன வெள்ளிக்கிழமையை எழுதியிருக்கிறீர்கள். சரியான தேதி நூலில் இருக்கிறது. அச்சில் வந்துவிட்ட ஒன்றை இப்போது மாற்றினால், எங்கள் குடும்பம் பொய் சொன்னதாக ஆகிவிடும்.