கிணற்றுக்கு அடியில்

ஐயா, உங்கள் இடது ஷூவின் குதிகால் தேய்ந்துவிட்டது, தைக்கிறவரிடம் கொடுத்துச் சரிசெய்துகொள்ளுங்கள். குனிந்து பார்க்க வேண்டாம், நானும் பார்த்துச் சொல்லவில்லை. நீங்கள் வராந்தாவில் நடந்து வந்தபோதே காதில் விழுந்தது. வலது கால் முழுதாகப் பதிகிறது, இடது கால் ஓரமாகச் சாய்கிறது. இப்படியே விட்டால் கொஞ்ச நாளில் முட்டி பிடித்துக்கொள்ளும். பலகைக்கு அடியில் உட்கார்ந்து, மற்றவர்களுடைய காலடியைக் கேட்டே பிழைப்பு நடத்தியவன் நான். இதெல்லாம் எனக்குப் பெரிய விஷயமில்லை.

என் வேலை என்ன என்பது உங்கள் ஆட்களுக்குச் சரியாகப் புரியவில்லை. காலையில் வந்த தம்பி என்னை "செட் போடுறவரு" என்றார். நான் செட் போடுகிறவன் இல்லை. நான்தான் கிணறு.

நாடகத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பார்க்காவிட்டாலும் கதை தெரியாமல் இந்த ஊரில் இருக்க முடியாது. இருபது வருடமாக ஓடுகிற பாட்டு நாடகம். பிள்ளையைப் பறிகொடுத்த அரசி, முதல் பாதி முடிவில் கிணற்றடியில் நின்று ஒரு நீண்ட பாட்டுப் பாடி உள்ளே குதிப்பாள். இரண்டாம் பாதியில் ஆறாகத் திரும்பி வந்து அரண்மனையை அடித்துக்கொண்டு போவாள். மேடையில் தெரிகிற கிணற்றுச் சுவர் வெறும் அட்டை. அதற்குள் பலகையில் ஒரு கதவு இருக்கிறது. கதவுக்குக் கீழே நான், இழுக்கிற கம்பி ஒன்று, சக்கரம் வைத்த பெரிய மெத்தை ஒன்று.

மெத்தையை அங்கேயே போட்டு வைக்க முடியாது. வாத்தியக்காரர்கள் போய் வருகிற வழி அது. ஆகவே பாட்டு தொடங்கியதும் உருட்டி வந்து கதவுக்கு நேராக நிறுத்துவேன். நிறுத்திவிட்டுத் துடைப்பக் கட்டையால் மேல்பலகையில் ஒரு தட்டு. மெத்தை வந்துவிட்டது என்று அர்த்தம். மேலே அவள் பாடிக்கொண்டே குதிகாலால் இரண்டு தட்டு தட்டுவாள். தயார் என்று அர்த்தம். நான் கம்பியை இழுப்பேன். இரண்டு ஆள் உயரத்திலிருந்து வந்து விழுவாள், கண்ணை மூடிக்கொண்டு. எட்டிப் பார்க்க அவளுக்கு நேரமும் கிடையாது, வெளிச்சமும் கிடையாது. என்னுடைய அந்த ஒரு தட்டை நம்பித்தான் இருபது வருடமும் விழுந்தாள்.

அவளை நாங்கள் எல்லாரும் ராணியம்மா என்போம். என்னை அவள் அண்ணா என்பாள். விழுந்ததும் எழுந்து உட்கார்ந்து, "தண்ணி குடுங்கண்ணா" என்பாள். கொடுப்பேன். அவள் குடித்துக்கொண்டிருக்கும்போதே மேலே கைதட்டல் தொடங்கும்.

அந்தக் கைதட்டலைப் பற்றி நான் சொல்லியாக வேண்டும். முதலில் பின் வரிசையில் தூறல் மாதிரி விழும். பிறகு அரங்கம் முழுக்கப் பிடித்துக்கொள்ளும். நல்ல உச்சத்தில் இருக்கும்போது இடது பக்கத்திலிருந்து ஒருவர் விசிலடிப்பார், நீளமாக ஒன்று, சின்னதாக ஒன்று. அதைக் கேட்டு ஒரு அம்மாள் சிரிப்பார். மழை கொட்டினாலும் சரி, வெயில் கொளுத்தினாலும் சரி, அதே மனிதர், அதே பக்கம், அதே விசில். டிக்கெட் விற்கிற விலைக்கு ஒருவர் தினமும் வருகிறார் என்றால் அந்தப் பாட்டு அவரை என்ன பாடு படுத்தியிருக்க வேண்டும். நான் அவர் முகத்தைப் பார்த்ததில்லை. ஆனால் என் கூடப்பிறந்தவனைவிட எனக்கு அவர் நெருக்கம்.

ஊர் எப்போதும் இரண்டாகத்தான் பேசியது, அதை நான் மறைக்கவில்லை. பாதிப் பேர் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். பாதிப் பேர் அந்தப் பாட்டு வந்தால் கொட்டாவி வருகிறது என்றார்கள். எல்லாருக்கும் எல்லாம் பிடிக்காது, அது எனக்கும் தெரியும். ஆனால் பேசுவதற்கு ஒரு முறை இருக்கிறது.

ஒருமுறை சலூனில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து நாற்காலியில் இருந்தவர் முகத்தில் சோப்பு நுரையோடு, "கிணத்துப் பாட்டா? அது ஆரம்பிச்சா நான் வெளிய போய் ஒரு வட்டம் நடந்துட்டு வருவேன். திரும்பி வந்தாலும் அந்தம்மா இன்னும் குதிச்சிருக்காது" என்றார். சலூனே சிரித்தது. முடிவெட்டுகிறவர்கூடச் சிரித்தார், என்னைத் தெரிந்தும். நானும் சிரித்தேன். வெளியே வந்தபோது அந்த மனிதர் பக்கத்துக் கடை வாசலில் குனிந்து, படியில் கையூன்றி, செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருந்தார். கடைக்காரர் உள்ளே இருந்தார். இரும்பு ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. நான் மீதியை இறக்கினேன். விரல் ஒடிகிற சத்தம் காய்ந்த சுள்ளி ஒடிகிற மாதிரிதான், பெரிதாக ஒன்றுமில்லை. ஆட்டோ பிடித்து அவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வைத்ததும் நான்தான். கையெடுத்துக் கும்பிட முடியாமல் தலையைத் தலையை ஆட்டி நன்றி சொன்னார்.

அடுத்தது என் மாப்பிள்ளை. தங்கமான பிள்ளை, இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன். மகளைக் கூட்டிக்கொண்டு போய் நாடகம் பார்த்துவிட்டு வந்தான். மகள் கண் சிவக்க அழுதிருந்தாள். அவனைக் கேட்டேன், எப்படி இருந்தது என்று. கேட்டிருக்கக் கூடாது.

"தப்பா நினைக்காதீங்க மாமா, நான் தூங்கிட்டேன்" என்றான். "கைதட்டுற சத்தத்துலதான் முழிச்சேன். ஆனா ஒண்ணு மாமா, என் பக்கத்துல யாருமே கை தட்டல."

என் மனைவி அவனுக்கு இன்னும் கொஞ்சம் சோறு போட்டாள். அடுத்த வாரம் அவர்கள் வீடு மாறினார்கள். பீரோவை மாடியிலிருந்து இறக்க ஒரு கை பிடிக்கக் கூப்பிட்டான். அவன் கீழ்ப்படியில், நான் மேல்படியில். திருப்பத்தில் பீரோவின் மொத்தக் கனமும் அவன் பக்கம் சாய்ந்தது. அப்போது நான் விட்டுவிட்டேன். விடுவது என் தொழில், ஐயா. எந்த நொடியில் விட வேண்டும் என்று என் கைக்குத் தெரியும். பீரோவோடு சேர்ந்து சுவரில் மோதி நசுங்கினான். இடுப்பு எலும்பு மூன்று துண்டு. இப்போது கோல் ஊன்றி நடக்கிறான். கை வழுக்கிவிட்டது என்றேன், மகள் நம்பினாள். என் மனைவி மட்டும் அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு வைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுவாள்.

அதற்கு முன்னால் அவள் ஓயாமல் நச்சரிப்பாள். "ஒரு நாள் லீவு போட்டுட்டு மேல உக்காந்து பாருங்களேன். மத்தவங்க சொல்றதுக்கெல்லாம் ஏன் மூஞ்சிய தூக்கி வச்சுக்கிறீங்க?" மாற்று ஆள் தருகிறேன் என்று மேனேஜரும் பலமுறை சொன்னார். எனக்குத் தேவைப்படவில்லை. இருபது வருடம் காதால் கேட்டவனுக்குக் கண்ணால் வேறு பார்க்க வேண்டுமா?

போன மாதம் மேனேஜருக்கு ஒரு யோசனை வந்தது. நாடகம் நீளம் என்று பேச்சு வருகிறதே, ஜனங்களையே கேட்டுவிடுவோம் என்றார். வெளியே போகிற வாசலில் இரண்டு பெட்டி. கிணற்றுக் காட்சி வேண்டும் என்கிறவர்கள் டிக்கெட் துண்டைப் பச்சைப் பெட்டியில் போட வேண்டும், வேண்டாம் என்கிறவர்கள் சிவப்பில். ஒரு வாரம் வைத்திருந்தார்கள். சமையலில் உப்புச் சரியாக இருக்கிறதா என்று தெருவில் போகிறவனைக் கேட்கிற மாதிரி இருந்தது எனக்கு. இருந்தாலும் பொறுத்துக்கொண்டேன். தினமும் எல்லாரும் போனபிறகு சிவப்பிலிருந்து கை நிறைய அள்ளிப் பச்சையில் போட்டு, என்னால் முடிந்த ஒத்தாசை செய்தேன். அவசரத்தில் தவறிப் போட்டவர்கள் நிறையப் பேர் இருந்திருப்பார்கள். கடைசியில் எண்ணிப் பார்த்தால் பாதிக்குப் பாதி வந்தது.

மேனேஜர் தலையைச் சொறிந்துகொண்டு, "ராணியம்மாவே சொல்லட்டும், விழறது அவங்கதானே" என்று கையைக் கழுவிவிட்டார். எனக்கு நிம்மதியாக இருந்தது. அவள் என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியும், அப்படித்தான் நினைத்தேன்.

அன்றைக்கு நாடகம் தொடங்குவதற்கு முன், அரசி வேஷத்தோடு, படி இறங்கி என் இடத்துக்கு வந்தாள். அப்படி வருகிற வழக்கமில்லை. மெத்தையின் ஓரத்தில் உட்கார்ந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டாள்.

"அண்ணா, வேற யாராவது சொல்லி உங்களுக்குத் தெரிய வேண்டாம்னு நானே வந்தேன். கிணறு வேண்டாம்னு சொல்லிட்டேன். இன்னைக்குத்தான் கடைசி."

முட்டி வலிக்கிறதா என்று கேட்டேன். வலிக்கிறது, ஆனால் அதற்காக இல்லை என்றாள். பாடும்போது முன்வரிசை முகம் தெரிகிறதாம். பாதிப் பேர் அழுகிறார்களாம், பாதிப் பேர் செல்போனைப் பார்க்கிறார்களாம். வருடத்துக்கு வருடம் அழுகிறவர்கள் குறைகிறார்களாம்.

"கைதட்டுறாங்களே" என்றேன்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணா, அது ஸ்பீக்கர்லேர்ந்து வர்றது. லைட்ட அணைச்சுட்டு செட் மாத்துறப்ப சக்கரச் சத்தம் கேக்குமில்ல, அது கேக்காம இருக்க போடுறாங்க. உங்களுக்குத் தெரியும்னுல்ல நினைச்சேன். வாங்க, மேல வந்து பாருங்க, ஸ்பீக்கர் பெட்டியக் காட்டுறேன்."

நான் போகவில்லை. மனுஷிக்கு வயதாகிவிட்டது, முட்டி போய்விட்டது, பழியை யார் தலையிலாவது போட வேண்டும், சரி. என் தலையில் போட்டிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். தினமும் வந்து உயிரைக் கொடுத்து விசிலடிக்கிற ஒரு மனிதரைப் பெட்டி என்கிறாளே. நாக்கில் நரம்பில்லாமல் பேசுவது என்றால் இதுதான். எனக்குக் கோபம் வந்தது என்று எழுதிக்கொள்ளாதீர்கள். எனக்கு அவமானமாக இருந்தது, அந்த மனிதருக்காக.

பாட்டு தொடங்கியது. அன்றைக்கு மிகவும் நன்றாகப் பாடினாள், அதை மறுக்க மாட்டேன். நான் மெத்தையை உருட்டினேன், கதவுக்கு நேராக இல்லை, அந்தப் பக்கம், சுவரோரமாக. மெத்தைச் சக்கரம் ஓடுவதற்குத் தரையில் இரண்டு இரும்புத் தண்டவாளம் பதித்திருக்கிறது. அதன்மேல் கிடந்த கயிற்றை எடுத்துச் சுருட்டி ஆணியில் மாட்டினேன். இடம் சுத்தமாக இருக்க வேண்டும், அது என் பழக்கம். பிறகு துடைப்பக் கட்டையை எடுத்து மேலே ஒரு தட்டுத் தட்டினேன்.

அவள் இரண்டு தட்டுத் தட்டினாள். இழுத்தேன்.

கால்தான் முதலில் தண்டவாளத்தில் பட்டது. இரண்டு காலும் முட்டிக்குக் கீழே மடங்கக் கூடாத பக்கம் மடங்கின. ஓர் எலும்பு பட்டுப்புடவையைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. அவள் அலறியது பலகைக்கு மேலே நன்றாகக் கேட்டிருக்கும். பிறகு அலறல் நின்றது. தலையைத் திருப்பி, மெத்தை எங்கே நிற்கிறது என்று பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"தட்டினீங்களேண்ணா" என்றாள்.

திட்டியிருந்தால் அதோடு விட்டிருப்பேனோ என்னவோ. கதவைத் தாழ்ப்பாள் போடுகிற இரும்புத் தடி சுவரில் சாத்தியிருந்தது. அதை எடுத்தேன். முதல் அடியில் கிரீடம் நசுங்கித் தலைக்குள் இறங்கியது, அதற்குள் அட்டைதான் இருக்கும் என்று நினைத்திருந்தேன், தகரம். அவள் கையைத் தூக்கினாள், அந்தக் கையும் ஒடிந்தது. பிறகு நிறுத்தாமல் அடித்தேன், முகத்தில் அரிதாரத்துக்கும் ரத்தத்துக்கும் வித்தியாசம் தெரியாமல் போகும்வரை. எத்தனை அடி என்று டாக்டர் சொல்லியிருப்பார், நான் எண்ணவில்லை. முடிந்ததும் மெத்தையை உருட்டி வந்து அவளை அதன்மேல் தூக்கிக் கிடத்தினேன். தண்ணீர் டம்ளரைப் பக்கத்தில் வைத்தேன். வழக்கம் என்று ஒன்று இருக்கிறதில்லையா.

எல்லாம் நான் செய்ததுதான், ஐயா. சலூனில் பேசியவர் விரலும், மாப்பிள்ளை இடுப்பும், இதுவும். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். வக்கீல் வேண்டாம், வீட்டிலிருந்து யாரும் வர வேண்டாம்.

ஒரே ஒரு உதவி கேட்கிறேன். அந்த விசிலடிக்கிறவரைத் தேடிக் கண்டுபிடியுங்கள். இடது பக்கம், நடு வரிசை. அன்றைக்கும் வந்திருந்தார். அலறலைக் கேட்டு ஜனங்கள் எழுந்து வாசலைப் பார்த்து ஓடினார்கள், மொத்தக் கூட்டமும் என் தலைக்கு மேலே ஓடியது, ஒவ்வொரு காலடியையும் கேட்டேன். கடைசிச் செருப்பும் வெளியே போய்விட்டது. அதற்குப் பிறகும் கைதட்டல் ஒரு பொட்டுக் குறையவில்லை. அந்த அம்மாள் சிரித்தார். விசிலடிக்கிறவரும் அசையவில்லை, நீளமாக ஒன்று, சின்னதாக ஒன்று. எனக்குச் சாட்சி சொல்ல அவர் ஒருவர் வந்தால் போதும்.