சாக்பீஸ் கேட்கப் போனவள்

காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு கல்லூரிப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

"புது பாட்டு வாத்தியார்கிட்ட மாட்டிக்கினேன்டி" என்றாள் ஜன்னலோரப் பெண்.

"இன்னா ஆச்சு?"

"முதல் நாளே, 'மூணுலேருந்து நாலு வரைக்கும் ரூம்லதான் இருப்பேன், யாரு வேணா வரலாம்'னாரு இல்ல? ஒருத்தரும் போவலை. நான் சாக்பீஸ் கேக்கப் போனேன். பாட்டு கத்துக்க வந்திருக்கேன்னு நெனைச்சு சுருதிப்பெட்டிய எடுத்துட்டாரு."

"சாக்பீஸ்தான் வேணும்னு சொல்றதுதானே?"

"அவ்ளோ சந்தோஷப்பட்டாருடி. எப்படிச் சொல்றது? ஒரு வாரமா போய்க்கினு இருக்கேன்."

"பாட்டு வருதா?"

"இன்னிக்குக் கதவுல எழுதி ஒட்டியிருக்காரு. இனிமே மூணேகால் வரைக்கும்தான் இருப்பாராம்."

தோழி சிரித்தாள்.

"சிரிக்காதடி. எனக்கு இப்பதான் பாட்டு புடிக்க ஆரம்பிச்சிருக்குது."