ரம்முக்கும் கத்திய டப்பா

ஸ்டேஷன் டீ நன்றாக இருக்கிறது சார், இஞ்சி தூக்கலாக. நீங்கள் தமிழிலேயே கேட்பதும் சௌகரியம். நேற்றிலிருந்து எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தப்பாக நினைக்காதீர்கள்.

லிங்கராஜபுரத்தில் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு சமையலறையில் ஒரு சின்ன டப்பா இருக்கிறதே, அது நான் செய்தது. உள்ளே நானோ குழாய்கள். தலைமுடியை ஆயிரமாகக் கிழித்தால் வருகிற மெல்லிசு. கேஸ் துளி கசிந்தாலும் அதற்குத் தெரிந்துவிடும். ஒயர் கிடையாது. ஒரு டப்பா பக்கத்து வீட்டு டப்பாவிடம் சொல்லும், அது அடுத்ததிடம், தெருவெல்லாம் சுற்றிச் செய்தி என் ஃபோனுக்கு வரும். நினைத்தாலே சிரிப்பு வருகிறது சார், அவ்வளவு அழகு.

கிறிஸ்துமஸ் நெருங்கியதும் எல்லோரும் கேக்குக்காக உலர்பழங்களை ரம்மில் ஊறப்போட்டார்கள். அது மட்டும் எனக்குத் தோன்றவில்லை. ரம் வாசனைக்கும் டப்பாக்கள் கத்தின. தெருவே சிரித்தது. எதிர்வீட்டு நோரா அக்கா, சர்ச் கொயரில் பாடுகிறவர், என்னைத் தூக்கி வளர்த்தவர், அவரும் சிரித்தார்.

"ஜாய்சன், உன் டப்பா குடிகாரன் மாதிரி ஊளையிடுதுப்பா. சத்தத்த ஆஃப் பண்ணிடு கண்ணா."

பண்ணினேன். அவர் வீட்டுச் செய்தி அதன்பின் சத்தமில்லாமல் என் ஃபோனுக்கு மட்டும் வரும்.

ரம்மையும் கேஸையும் பிரித்தறியும்படி டப்பாவைத் திருத்திவிட்டேன். ஆனால் யார் நம்புகிறார்கள்? நிஜமாக ஒரு கசிவு வேண்டும். அக்காவுக்கு அப்போது கடுமையான ஜலதோஷம், மூக்கடைப்பு. அதனால்தான் அவர் வீட்டைத் தேர்ந்தெடுத்தேன். மூக்கு முந்திக்கொண்டது என்று யாரும் சொல்லிவிடக் கூடாதல்லவா. பேட்டரி பார்க்கிறேன் என்று உள்ளே போய் சிலிண்டர் டியூபைக் கொஞ்சம் தளர்த்தினேன். கிளம்பும்போது அவர் ஊறிய திராட்சை ஒரு ஸ்பூன் தந்தார்.

செய்தி வந்ததும் ஓடிப்போய்க் காப்பாற்றுவதாகத்தான் திட்டம். வந்தது சார். வீடு வீடாகத் தாவி, எங்கும் பிசகாமல் வந்தது. ஃபோனில் கேஸ் அளவைக் காட்டும் கோடு ஏறியது. ஸ்க்ரீன்ஷாட் எடுத்தேன். இன்னும் கொஞ்சம் ஏறட்டும் என்று பார்த்தேன். கண் கலங்கிவிட்டது. ஜன்னல் வழியே அக்கா லைட்டரைத் தேடுவது தெரிந்தது. கூப்பிட்டிருக்கலாம். கோடு அப்போதுதான் உச்சிக்குப் போய்க்கொண்டிருந்தது.

டியூபைத் தளர்த்தியது நான்தான். சத்தத்தை நிறுத்தியதும் நான்தான். எழுதிக்கொள்ளுங்கள். இதையும் சேர்த்து எழுதுங்கள் சார்: இன்று அக்காவின் அடக்கத்துக்குத் தெருவே வந்திருந்தது. ஒருவர்கூட என் டப்பாவைப் பற்றிச் சிரிக்கவில்லை.