பூரணியின் முயல்கள்

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒட்டிக் கிடக்கும் இந்த வரிசை வீடுகளில், யார் வீட்டு ரொட்டி கருகினாலும் முதலில் எட்டிப் பார்ப்பது நான்தான். தனிக்கட்டைக்கு இந்த மழையில் வேறென்ன பொழுதுபோக்கு?

அடுத்த காம்பராவில் பூரணி. வயிற்றில் முதல் பிள்ளை. கிளினிக்கில் எடுத்த இரத்தத்தில் சிபிலிஸ் என்ற பால்வினை நோய் இருந்தது. தோட்டத்துத் தாதி மிஸ் வீட்டுக்கே வந்து சொன்னார்: ஊசியில் தீர்ந்துவிடும், புருஷன் சோலைமலையும் போட்டுக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் அவனிடமிருந்து மறுபடி தொற்றும், பிள்ளைக்கு ஆபத்து. நடுச்சுவர் மெல்லியது. பூரணி அழுதுகொண்டே ஏதேதோ கேட்க, மிஸ் பொறுமையாக விளக்கினார். அந்தக் கிருமி கண்ணாடித் தட்டில் லேசில் வளராதாம். ஆராய்ச்சிக்காக முயலின் உடம்பில் வைத்து வளர்ப்பார்களாம்.

பூரணி கொல்லையில் முயல் வளர்த்தாள்.

மாலையில் ஊற்றுப் பீலியில் தண்ணீர் பிடிக்க நின்ற லயத்துப் பெண்களிடம் சொன்னேன்.

"முயல்ல இருந்து வர்ற நோயாமே. மிஸ்ஸே சொன்னாங்க."

"அடி ஆத்தி! அதுக எம்புட்டு சாதுவா இருக்குதுக," என்றாள் வேலாயி.

"சாதுவா இருக்கிறதுகளத்தான் வேலாயி நம்பக்கூடாது."

மறுநாள் கூடு காலி. அதிகம் பயந்தவர்கள் வீட்டில்தான் கறி மணத்தது.

சோலைமலைக்குப் பெரிய நிம்மதி. "நான் முயலத் தொட்டதே இல்லயே, எனக்கெதுக்கு ஊசி?" என்று சொல்லிவிட்டான். பூரணி மட்டும் போட்டுக்கொண்டாள். அடுத்த சோதனையில் நோயின் அளவு இறங்கியிருந்தது. முயல் போனதால்தான் என்றார்கள், நான் மறுக்கவில்லை. அதற்கடுத்த சோதனையில் ஏறியிருந்தது. மிஸ் பதறி ஓடி வருவதற்குள் பிள்ளை வயிற்றிலேயே இறந்துவிட்டது.

பூரணி என்னிடம்தான் வந்து அழுகிறாள். "முயல வளத்து எம்புள்ளைய நானே கொன்னுட்டேன்க்கா." தேத்தண்ணி ஊற்றிக் கொடுக்கிறேன். தினமும் ஒருத்திக்கு ஆறுதல் சொல்வது எவ்வளவு அலுப்பான வேலை என்று யாருக்கும் தெரிவதில்லை.

மிஸ் சொன்னது எனக்கு ஒரு சொல் தவறாமல் விளங்கியிருந்தது. சோலைமலை ஊசிக்குப் போயிருந்தால், வேறு யாரோடு பழக்கம் என்று கேட்டிருப்பார்கள். பொய் சொல்லத் தெரியாத மனிதன். என் பெயரைச் சொல்லியிருப்பான். இந்த லயத்தில் மற்றவர்களைப் பற்றிப் பேசுகிறவள் நான். என்னைப் பற்றி மற்றவர்கள் பேசி எனக்குப் பழக்கமில்லை.

இப்போது லயத்தில் எல்லோருக்கும் இரத்தம் எடுக்கப் போகிறார்களாம். எடுக்கட்டும். எனக்கு அது தேவையில்லை. நான்தான் முயலே வளர்த்ததில்லையே.