அஞ்சடியில் குடையோடு நின்றவருக்கு

நாகப்பட்டினக் கரையில் பிறந்து நலப்பணியில் நரைத்தவரே, வெயிலுக்கும் மழைக்கும் ஒரே குடையை விரித்தவரே, பதினாறு ஆண்டுகள் எங்கள் பக்கத்தில் நின்ற பண்பாளரே, சிராங்கூன் வட்டார மாதர் நல்வாழ்வுச் சங்கத்தின் கண்காணிப்பாளர் ஜனாப் நாகூர் கனி அவர்களே, வணக்கம்.

மேற்கண்ட அடைமொழிகளில் ஒன்றுகூட மிகையில்லை என்று சங்கத் தலைவர் உயர்திரு தங்கராஜு ஐயா படித்துப் பார்த்து ஒப்புதல் தந்திருக்கிறார். இதற்குக் கீழே உள்ளதைப் படிக்க அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. மேடையில் இருந்தபடி இப்போது கேட்கிறார்.

முகத்துக்கு நேரே புகழ்ந்தால் நீங்கள் செருப்பைத் தேடிக்கொண்டு எழுந்துவிடுவீர்கள். ஆகவே யாரோ ஒருவரைப் பற்றிச் சொல்வதுபோல் சொல்கிறோம். நீங்களும் யாரோ ஒருவரைப் பற்றிக் கேட்பதுபோல் உட்கார்ந்திருங்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தெட்டில், ஏழைக் குடும்பங்களை வீடு தேடிப் போய்ப் பார்க்க இந்தச் சங்கம் ஆள் எடுத்தபோது, செயற்குழுப் பெரியவர்கள் கூடி, குழைந்து, கோப்பி குடித்து, ஒருமனதாக ஒரு முடிவுக்கு வந்தார்கள். பெண்களின் கண்ணீரைத் துடைப்பது பெண்களுக்கே உரிய வேலை. துடைக்கும் பெண்களைக் கண்காணிப்பது ஆணுக்கே உரிய வேலை. அப்படித்தான் எட்டுப் பெண்களும் ஒரு கனியாரும் பணிக்கு வந்தார்கள். பிறகு ஆட்கள் மாறியிருக்கிறார்கள், கணக்கு மாறவில்லை. எட்டுப் பேரில் கணவனை இழந்தவர்கள் பாதி, மணமாகாதவர்கள் மீதி. மணமானவர் ஒருவரும் இல்லாதது தற்செயல் அன்று. பெண் கல்யாணம் செய்துகொண்டால் மறுநாள் முதல் மாதாமாதம் புதுப்பிக்கப்படும் தற்காலிக ஊழியர். ஆண் செய்துகொண்டால் அவருக்குக் குடும்பப் படி. ஆணுக்கு முழுச் சம்பளம், பெண்ணுக்கு அதில் ஐந்தில் நான்கு பங்கு. அந்த ஐந்தாவது பங்குக்குரிய பசி பெண் வயிற்றில் கிடையாது என்று எந்த மருத்துவர் சொன்னாரோ, நாங்கள் விசாரித்ததில்லை.

கனியார் அதற்கு முன் மார்க்கெட் ஸ்திரீட்டில் வட்டிக்கடைக் கிட்டங்கி ஒன்றில் எழுத்தராக இருந்தவர். அங்கே தைத்த கறுப்புக் கோட்டும் அங்கே வாங்கிய கறுப்புக் குடையும் அவரோடு இங்கே வந்தன. கண்காணிப்பாளர் என்றால் முன்னால் நின்று காரியம் செய்பவர் என்று நினைத்துக்கொண்டு, முதல் வாரமே ரோவல் ரோட்டில் ஒரு கதவைத் தனியாகப் போய்த் தட்டினார்.

“யாரு?” என்றது உள்ளிருந்து ஒரு பெண் குரல்.

“நலச் சங்கத்துலேருந்து வர்றோம். உங்க கஷ்டத்தக் கேக்கணும்.”

“வீட்ல ஆம்பள இல்ல. அப்புறம் வாங்க.”

அப்புறம் போனார். ஆம்பளை இருந்தார். அந்த வீட்டில் ஒரு கஷ்டமும் இல்லை என்று அவரே வாசலில் நின்று சொல்லி அனுப்பினார். மூன்றாம் முறை ரத்தினம்மாவை அழைத்துக்கொண்டு போனார். கணவனை இழந்து மூன்று பிள்ளைகளை வளர்த்த ரத்தினம்மா எங்களில் மூத்தவர். கதவு திறந்தது, அவரை மட்டும் உள்ளே இழுத்துக்கொண்டு மூடியது. கடைவீடுகளுக்கு முன்னால் ஓடும் அஞ்சடிப் பாதையில் குடையை ஊன்றிக்கொண்டு நின்றார் கனியார். அன்று நின்றவர் பதினாறு ஆண்டுகள் நின்றார்.

வேந்தர்க்கு வெண்கொற்றக்குடை, எங்கள் கனியார்க்குக் கருங்குடை. வேந்தர் குடையைக் கண்டு குடிமக்கள் கூடுவர். கனியார் குடையைக் கண்டு குடும்பத் தலைவர்கள் ஓடுவர். கறுப்புக் கோட்டையும் குடையையும் பார்த்ததும் வட்டிக்கடை ஆள்தான் வந்துவிட்டார் என்று அந்த வரிசையில் இருந்த கணவன்மார் அத்தனை பேரும் பின்சந்தில் இறங்கிவிடுவார்கள். அதன்பிறகு உள்ளே இருக்கும் பெண், யார் அடித்தது, எங்கே அடித்தது, சம்பளப் பணம் எந்தக் கள்ளுக்கடையில் போனது என்று பயமில்லாமல் பேசுவாள்.

திரும்பி வரும் வழியில் ரத்தினம்மா சொன்னார்: “பாய், நீங்க வாசல்ல நின்னாலே போதும். ஊர்ல உள்ள கடன்காரன் எல்லாம் சந்து வழியா போயிடுறான். அந்தப் புள்ள நிம்மதியா அழுவுது.”

“நான் ஒண்ணுமே செய்யலியேம்மா.”

“அதையே நல்லா செய்ங்க.”

ஒன்றும் செய்யவில்லை என்ற அந்த எண்ணம் கனியாரின் நெஞ்சில் முள்ளாகத் தங்கிவிட்டது. உள்ளே அழுகை கேட்கும், வெளியே இவர் குடையை இடக்கையிலிருந்து வலக்கைக்கு மாற்றுவார். ரத்தினம்மா காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடுவார், இவர் பின்னால் குடை பிடித்துக்கொண்டு ஓடுவார். மாத முடிவில் சம்பள உறையை மட்டும் எல்லாருக்கும் கடைசியாக, சுவர்ப் பக்கம் திரும்பி வாங்கிக்கொள்வார். எங்களில் இளையவரான லீலா ஒருமுறை கேட்டேவிட்டார்.

“ஒங்க கவரு மட்டும் ஏன் பாய் தடிச்சிருக்கு?”

“என்னுது பழைய நோட்டும்மா. அதான் உப்பியிருக்கு.”

எல்லாரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

அரசாங்க உத்தியோகத்தில் பெண்களுக்கும் ஆண்களைப்போலவே சம்பளம் என்ற பேச்சு ஊரெங்கும் அடிபட்ட அறுபத்திரண்டாம் ஆண்டில், நாங்களும் செயற்குழுவிடம் கேட்டோம். வேலை ஒன்றாக இருந்தால் சம்பளமும் ஒன்றாக இருக்கலாம் என்று பெருந்தன்மையோடு பதில் வந்தது. வேலை ஒன்றுதானா என்று சொல்லக் கூடியவர் உலகத்திலேயே ஒருவர்தான். கனியாரைக் கூப்பிட்டார்கள்.

ஃபேரர் பார்க் பக்கத்துச் சங்கக் கட்டடத்தின் மாடிப்படியில் ரத்தினம்மா அவரை நிறுத்திவைத்துப் பாடம் சொன்னார்.

“ஒரே வேலைதானான்னு கேப்பாங்க. ஆமான்னு சொல்லுங்க. ஒரு வார்த்தை. நீட்டாதீங்க.”

“ஏம்மா, அவ்வளவுதானா? உள்ளதையெல்லாம் எடுத்துச் சொல்ல வேணாமா?”

“வேணாம் பாய். உள்ளதச் சொல்லவே சொல்லாதீங்க.”

கனியார் புதுச் சொங்கோக் தொப்பியைச் சரிசெய்துகொண்டு மேலே போனார். நலப்பணியில் தேர்ச்சி பெற்ற எங்கள் லீலாவைப் பெரியவர்களுக்குத் தேநீர் ஊற்றும்படி அழைத்திருந்ததால், உள்ளே நடந்தது எங்களுக்கு ஒரு சொல் விடாமல் தெரியும்.

“கனி, நீங்க செய்யிற வேலையத்தான் இந்தப் பொம்பளைங்களும் செய்யிறாங்களா?” என்றார் தலைவர்.

கனியார் வாயைத் திறந்தார். ஆமாம் என்ற சொல் அவர் நாக்கு வரை வந்தது. ரத்தினம்மா செய்வதும் நான் செய்வதும் ஒன்று என்று சொல்ல இந்த வாய்க்கு என்ன யோக்கியதை என்று அந்த நேரத்தில் அவருக்குத் தோன்றிவிட்டது. வருஷக்கணக்கான முள் அல்லவா.

“இல்லீங்க,” என்றார். “அவங்க உள்ள போறாங்க. அடிபட்டவ கூட உக்காந்து பேசுறாங்க. புள்ளைய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுறாங்க. நான் வெளிய நிக்கிறேங்க. குடைய வச்சிக்கிட்டு.”

“அப்ப ரெண்டும் ஒரே வேலை இல்ல.”

“எப்படிங்க ஒண்ணாவும்? அவங்க செய்யிறதுல கால்வாசிகூட...”

“போதும் கனி. உண்மையச் சொன்னீங்க. ரொம்ப நன்றி.”

படியிறங்கி வந்தவர் முகம் ஹரிராயாப் பெருநாள் காலைபோல் இருந்தது. “நல்லா எடுத்துச் சொல்லிட்டேன்மா. என்னைவிடக் கூடவே குடுப்பாங்க பாரு,” என்றார். ரத்தினம்மா சுவரைப் பிடித்துக்கொண்டார்.

மறுவாரம் அறிவிப்புப் பலகையில் முடிவு வந்தது. வேலை ஒன்றல்ல என்பதைக் கண்காணிப்பாளரே உறுதி செய்துவிட்டபடியால் சம்பளம் ஒன்றாக இருக்க முறையில்லை. கனியார் அதைப் படித்தார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார். அன்று அவர் யாரோடும் கோப்பி குடிக்கவில்லை. நாங்களும் கூப்பிடவில்லை. அதை இன்று நினைத்தால் மனசு சுருங்குகிறது.

பின்னொரு நாள் அவர் தலைவருடைய ஜவுளிக்கடைக்கே போனார். பட்டுச் சேலைகளுக்கு நடுவில் குடையோடு நின்று, “நான் அன்னைக்குச் சொன்னது தப்புங்க. ஒரே வேலைதான். அப்படியே எழுதிக்குங்க,” என்றார்.

தலைவர் வருத்தத்தோடு அவரைப் பார்த்தார். “ஒரு தடவ உண்மை பேசின மனுஷன், இந்த வயசுல ஏன் கனி பொய் சொல்றீங்க?”

ஐம்பத்தைந்து வயது நிறைந்தபோது, இன்னும் இரண்டு ஆண்டுகள் இருக்கிறேன், சம்பளத்தைப் பெண்கள் கணக்கிலேயே போட்டுக்கொள்ளுங்கள் என்று கேட்டார். வெளியே நிற்கும் வேலைதானே, அதற்கு எதற்கு ஓர் ஆள் என்று செயற்குழு அவருடைய சொல்லையே அவருக்குத் திருப்பிக் கொடுத்தது. அவரோடு அந்தப் பதவியும் ஓய்வு பெறுகிறது. இம்மாத ஆண்டுக் கூட்டத்தில் தலைவர் எழுந்து, “அடுத்த மாதம் முதல் நம் சங்கத்தில் ஆண் சம்பளம், பெண் சம்பளம் என்ற வேற்றுமையே இராது. பணியாளர் அனைவருக்கும் ஒரே அளவுச் சம்பளம்,” என்று முழங்கினார். கைதட்டல் கூரையைப் பிளந்தது. நாங்களும் தட்டினோம். மிஞ்சப் போகிற பணியாளர் எட்டுப் பெண்கள் மட்டுமே என்பது பாதித் தட்டலில்தான் புரிந்தது.

கனி பாய், இதுவரை யாரோ ஒருவரைப் பற்றிப் பேசினோம். இனி உங்களிடம் பேசுகிறோம்.

நீங்கள் போவதில் எங்களுக்குள்ள வருத்தம் பெரிது. நீங்கள் இருந்தவரை, ஒரு முழுச் சம்பளம் எப்படி இருக்கும் என்று காட்ட இந்தக் கட்டடத்தில் ஓர் உறையாவது இருந்தது. அதைச் சுட்டிக்காட்டிக் கேட்க எங்களுக்கு வழியிருந்தது. நாளை முதல் எட்டு உறைகளும் ஒரே தடிமனாக இருக்கும். சமமாகத் தாருங்கள் என்று கேட்டால், யாருக்குச் சமமாக என்பார்கள். நாளை முதல் ரோவல் ரோட்டுக் கணவன்மாரும் வீட்டிலேயே இருப்பார்கள். நீங்கள் ஒன்றும் செய்யவில்லை என்று உங்கள் ஒருவரைத் தவிர யாரும் சொன்னதில்லை. நீங்களே சொன்னதால் அவர்கள் நம்பிவிட்டார்கள்.

வழக்கம்போல் ஒரு கைக்கடிகாரம் தருகிறோம். வழக்கமில்லாதபடி பதிலுக்கு ஒன்று கேட்கிறோம். குடையை எங்களிடம் விட்டுப் போங்கள். கதவோரம் சாத்தி வைத்தால் பாதிப் பேராவது சந்தில் இறங்குவார்கள்.

உங்கள் முழங்கால் வலி தீரட்டும். அஞ்சடியில் நின்ற நாளுக்கெல்லாம் ஈடாகச் சாய்வு நாற்காலியில் அமர்ந்து, மக்களும் மனைவியும் சூழ, நூறாண்டும் அதற்கு மேலும் நலமாக இருங்கள். நீங்கள் நெடுநாள் இருக்க வேண்டும் என்பதில் எங்கள் தேவையும் கலந்திருக்கிறது. என்றைக்காவது வேறொரு செயற்குழு வந்து உங்களைத் தேடிப்பிடித்து, அந்தப் பெண்கள் செய்ததும் நீங்கள் செய்ததும் ஒரே வேலைதானா என்று கேட்கும். கேட்டால், ஆமாம் என்று சொல்லுங்கள் பாய்.

ஒரு வார்த்தை. நீட்ட வேண்டாம்.

பிடித்தம் ஏதுமில்லாத முழு அன்புடன்,
ரத்தினம்மா, லீலா மற்றும் அறுவர்,
பெண் நலப் பணியாளர்கள்,
சிராங்கூன் வட்டார மாதர் நல்வாழ்வுச் சங்கம்,
சிங்கப்பூர், 1964