குலுங்காத பயணம்

வண்டி வைத்திருப்பவர்களில் பாதிப் பேர் டயரைக் காலால் ஓர் எத்து எத்திப் பார்த்துவிட்டு, காற்று சரியாக இருக்கிறது என்பார்கள், சார். அது தப்பு. ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் சின்ன ஸ்டிக்கர் ஒன்று இருக்கும். எவ்வளவு என்று அதிலேயே போட்டிருப்பார்கள். அதைவிடக் கூடினால் டயர் நடுவில் தேயும். ரோட்டுக் கல் ஒவ்வொன்றும் முதுகெலும்பில் தெரியும். குறைந்தால் இரண்டு ஓரமும் தேயும், ஆனால் மெத்தையில் போவது போல இருக்கும். டயர் கடையில் பத்தொன்பது வருடமாக இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

வீட்டிலும் எனக்கு எல்லாம் அளவோடு இருக்க வேண்டும். சாவி ஒன்றே ஒன்று, அது என்னிடம் இருக்கும். வேலைக்குக் கிளம்பும்போது வெளியே பூட்டிக்கொண்டு போவேன். காலம் கெட்டுக் கிடக்கிறது, என் மனைவி பயந்த சுபாவம். அவளுடைய போனையும் நானே எடுத்துக்கொண்டு போய்விடுவேன். ஒரு நாளும் கை ஓங்கியது கிடையாது. அக்கம்பக்கத்தில் விசாரித்துப் பாருங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளுடைய அண்ணன் காரோடு வந்து நின்றார். கூடவே என் மாமியார். பாப்பா பள்ளிக்கூடத்தில் டீச்சரிடம் வீட்டு விஷயத்தைச் சொல்லி, மாமா நம்பரையும் மனப்பாடமாக ஒப்பித்திருக்கிறாள். ஏழு வயதுப் பிள்ளை. அம்மா சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும்.

மூன்று பை கட்டி முடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. நான் தடுக்கவில்லை. எல்லோருக்கும் டீ போட்டுக் கொடுத்தேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். எனக்கு ஆத்திரமே வராது.

அவர்கள் ஊர் முந்நூறு கிலோமீட்டர். நல்ல வெயில்.

"மச்சான், அவளுக்கு முதுகுவலி இருக்கு. காத்தைக் கொஞ்சம் கொறச்சு வச்சுத் தரேன். குலுங்காமப் போகலாம்" என்றேன்.

அவருக்குச் சங்கடமாகப் போய்விட்டது. "நான் என்னென்னமோ நெனச்சுட்டு வந்தேன், மாப்பிள்ளை. தப்பா எடுத்துக்காதீங்க."

பின்டயர் இரண்டும் முப்பத்து மூன்றில் இருந்தன. பதினாறுக்கு இறக்கினேன். அவ்வளவு குறைந்த டயர் வேகத்தில் மடங்கி மடங்கி உள்ளுக்குள் வெந்துபோகும். நாலு பேர் பாரமும் வெயிலும் சேர்ந்தால் ஒன்றரை மணி நேரம் தாங்கும் என்று கணக்குப் போட்டேன். முன்டயர் வெடித்தால் நல்ல டிரைவர் சமாளித்துவிடுவார். பின்டயர் அப்படியில்லை.

அவள்தான் கவனித்தாள். "பின்னாடி சப்பையா இருக்கே, அண்ணா?" பத்து வருடம் என்னோடு குடித்தனம் நடத்தியவள் அல்லவா.

"மாப்பிள்ளைக்குத் தெரியாததா? பேசாம ஏறு" என்றார் அவர்.

நான் அவளை ஓரமாகக் கூப்பிட்டேன். "பாப்பாவையாவது விட்டுட்டுப் போ." பம்ப் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. இரண்டு நிமிட வேலை. அவள் என் முகத்தைப் பார்க்கக்கூட இல்லை. "செத்தாலும் விட மாட்டேன்" என்றாள். அவள் வாயாலேயே சொன்னது, சார். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பாப்பா முன்சீட்டுக்கு அடம்பிடித்தாள். சின்னப் பிள்ளைகள் பின்னால்தான் உட்கார வேண்டும் என்று நானே தூக்கி உட்கார வைத்து, பெல்ட் மாட்டிவிட்டேன். "ரெண்டே நாள்தாம்ப்பா, வந்துடுவோம்" என்றாள். திரும்பி வரப்போவதில்லை என்று அவளிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தேன். கையில் போன் இருந்தது, அதில் மச்சான் நம்பரும் இருந்தது. வண்டியை ஓரங்கட்டுங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஒன்றரை மணி நேரம் இருந்தது. சொல்லவில்லை. அதை மறைத்து எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

மச்சானும் மாமியாரும் பாப்பாவும் அந்த இடத்திலேயே போய்விட்டார்கள் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். அவளுக்கு இடுப்புக்குக் கீழே இனி உணர்வு வராதாம். ஆமாம், நான்தான் செய்தேன், தெரிந்தேதான் செய்தேன். கையெழுத்து எங்கே போட வேண்டும்? கொஞ்சம் சீக்கிரம் முடித்து அனுப்பினால் நல்லது, சார். ஆஸ்பத்திரியில் அவள் தனியாகக் கிடப்பாள். இனி அவளைப் பார்த்துக்கொள்ள என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?